முதல் வேலை: பெரிய சர்வீஸ் கம்பெனியா, ஜிசிசியா, பிராடக்டா, முப்பது பேர் கம்பெனியா?

அக்கா மகள் போன வாரம் போன் பண்ணினாள். சங்கரன்கோவில் பக்கம் ஊர், இந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறாள். கையில் இரண்டு ஆஃபர். ஒன்று, ஊரில் எல்லாருக்கும் பெயர் தெரிந்த பெரிய சர்வீஸ் கம்பெனி, அதாவது மற்ற கம்பெனிகளுக்கு ஐடி வேலை செய்து கொடுப்பது. வருஷத்துக்கு மூன்றரை லட்சம் சொச்சம், சேரும் தேதி பிறகு சொல்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். இன்னொன்று கோவை சரவணம்பட்டியில் முப்பது பேர் வேலை பார்க்கும் கம்பெனி. மாதம் இருபத்திரண்டாயிரம், மாதக் கடைசிக்குள் வந்து சேரச் சொல்கிறார்கள். "மாமா, எதுக்குப் போகட்டும்? அம்மா பெரிய கம்பெனிதான்னு ஒத்தைக்கால்ல நிக்கிறா" என்றாள். கூடப் படித்த பெண் ஒருத்தி வெளிநாட்டு வங்கி ஒன்றின் சென்னை ஆபீஸில் இன்டர்னாகச் சேர்ந்திருக்கிறாளாம், அந்த மாதிரி இடத்துக்கு முயற்சி பண்ணிக்கொண்டு இன்னும் ஆறு மாதம் வீட்டில் இருக்கலாமா என்பது அவளுடைய மூன்றாவது கேள்வி.

அரை மணி நேரம் பேசினேன், ஆனால் போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. இதே குழப்பத்தில் இருக்கும் பிள்ளைகள் ஏராளம் என்பதால் இங்கே எழுதுகிறேன். நான் 2008-ல் படித்து முடித்தவன். கேம்பஸில் ஆஃபர் வாங்கிவிட்டு, அமெரிக்காவில் வங்கிகள் சரிந்ததால் பதினோரு மாதம் சேரும் தேதிக்காக வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தேன். பிறகு பெரிய சர்வீஸ் கம்பெனியில் ஆறு வருஷம், சின்ன கம்பெனி ஒன்றில் மூன்று வருஷம், இப்போது ஒரு ஜிசிசியில், அதாவது வெளிநாட்டுக் கம்பெனி இங்கே சொந்தமாக வைத்திருக்கும் ஆபீஸில். இந்த மூன்றிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில்தான் பேசுகிறேன்.

சம்பளத்தை அருகருகே எழுதி ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் ஒரு மணி நேரத்துக்குக் கடைசியில் காசு கொடுப்பது யார், எதற்காகக் கொடுக்கிறார்? ஐடி கார்டு, லேப்டாப், கேப் என்று வெளியிலிருந்து பார்த்தால் எல்லா ஐடி வேலையும் ஒன்று போலத் தெரியும். காசு வரும் வழியைப் பார்த்தால் பெரிய சர்வீஸ், ஜிசிசி, பிராடக்ட், சின்ன கம்பெனி என்ற நான்கும் ஒன்றில்லை. எந்த வேலை நிலைக்கும், எதில் கற்றுக்கொள்ளலாம், எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த வழியைப் பொறுத்ததுதான்.

சர்வீஸ் கம்பெனியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஐடி என்றாலே அதுதான். டிசிஎஸ் 1968-ல் தொடங்கியது, இன்ஃபோசிஸ் 1981-ல். 1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் மையம் போட்டு, சாட்டிலைட் வழியாக அமெரிக்காவோடு வேலை பார்க்க முடியும் என்று காட்டியது. 1991-ல் எஸ்டிபிஐ என்ற அரசின் மென்பொருள் பூங்கா அமைப்பு வந்தது, ஏற்றுமதிக்குத் தேவையான இணைப்பும் வரிச்சலுகையும் கிடைத்தன. சென்னையில் 1994-ல் காக்னிசன்ட் ஆரம்பித்தார்கள், 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒய்2கே வந்தது. பழைய புரோகிராம்களில் வருஷத்தை இரண்டு இலக்கமாக எழுதி வைத்திருந்ததைத் தேடித் தேடித் திருத்த ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டார்கள். நிறைய ஆட்களைச் சேர்த்து, பயிற்சி கொடுத்து, மணிக்கணக்கில் பில் போடும் முறை நம் தொழிலில் வேரூன்றியது அந்தச் சமயத்தில்தான். இன்னமும் அதன் அடித்தளம் அதுவே.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு டெவலப்பருக்கு மணிக்கு 25 டாலர் என்று வெளிநாட்டு கிளையண்டுக்கு (வாடிக்கையாளருக்கு) பில் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், மாதம் இருபது நாள் என்றால் 4,000 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் மூன்று லட்சத்து நாற்பதாயிரம். புதிதாகச் சேரும் ஃப்ரெஷர் கைக்கு வருவது இருபத்தைந்தாயிரத்தைச் சுற்றி. மீதி எல்லாம் யாரோ தின்றுவிட்டார்கள் என்று கோபப்படுவதற்கு முன், அதில்தான் சீனியர்களின் சம்பளம், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பவர்களின் சம்பளம், விற்பனை ஆட்கள், கட்டடம், பயிற்சி எல்லாம் போக வேண்டும் என்பதையும் பாருங்கள். அப்படிப் போயும் டிசிஎஸ், இன்ஃபோசிஸ் மாதிரி பெரிய கம்பெனிகளுக்கு நூற்றுக்கு 20 முதல் 25 ரூபாய் வரை லாபம் நிற்கிறது. அது நிற்பதற்குக் காரணம், கீழே நிறைய ஃப்ரெஷர், நடுவில் கொஞ்சம் பேர், மேலே நாலைந்து பேர் என்ற கூம்பு அமைப்பு. அந்தக் கூம்பின் அடி சம்பளம் ஏறினால் லாபம் கரைந்துவிடும். அதனால்தான் 2010 வாக்கில் மூன்று லட்சத்தைச் சுற்றி இருந்த ஆரம்பச் சம்பளம் இன்றைக்கும் மூன்றரையைச் சுற்றியே நிற்கிறது. அப்போது சென்னை ஓஎம்ஆரில் பகிர்ந்துகொள்ளும் அறைக்கு என்ன வாடகை, இப்போது என்ன வாடகை என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டால் இந்தப் பதினைந்து வருஷத்தில் உண்மையான சம்பளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று புரியும். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. இத்தனை பெரிய தொழில், முதல் படியில் நிற்கும் பிள்ளையை இவ்வளவு இறுக்கிப் பிடிக்கத் தேவையில்லை.

அதற்காக சர்வீஸ் கம்பெனி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது செய்தது சாதாரணமான உதவி இல்லை. ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராத என்னை மூன்று மாதம் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அப்பா அம்மாவுக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்தது, வங்கி கேள்வி கேட்காமல் கடன் கொடுத்தது. சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போனதில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி, கல்விக் கடன் தலைக்கு மேல் நிற்கிறது என்றால் இதெல்லாம் பெரிய விஷயம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த புராஜெக்ட் என்பது உங்கள் கையில் இல்லை. ஜாவா படித்தவனை பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டரில் போடுவார்கள், புரோகிராம் எழுத ஆசைப்பட்டவளை ராத்திரி ஷிஃப்டில் டிக்கெட் மூடும், அதாவது வரும் புகார்களைத் தீர்த்து முடிக்கும் சப்போர்ட் வேலைக்கு அனுப்புவார்கள். அங்கே மூன்று வருஷம் ஓடிவிட்டால் வெளியில் இன்டர்வியூ போகும்போது சொல்ல ஒன்றும் இருக்காது. எனக்கு ஒரு புராஜெக்ட் முடிந்து நான்கு மாதம் பெஞ்ச். தினமும் போய் கார்டு தேய்த்து, கேன்டீனில் உட்கார்ந்து, புராஜெக்டுக்கு ஆள் ஒதுக்கும் ஆர்எம்ஜி ஆட்களின் மெயிலுக்குக் காத்திருந்து, சாயங்காலம் திரும்புவேன். சம்பளம் வந்தது, ஆனால் அந்த நான்கு மாதத்தில் தன்னம்பிக்கை போனது போல வேறெப்போதும் போனதில்லை. பெஞ்சில் இருப்பவர் பில் ஆகாத ஆள், அந்தக் கம்பெனியின் கணக்கில் செலவு மட்டும்தான். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைப்பதாக அறிவித்தபோது நடுத்தர, மேல்மட்ட ஆட்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். கூம்பின் நடுவில் நிற்பவருக்குச் சம்பளம் ஏறிவிட்டது, பில் ரேட் அந்த வேகத்தில் ஏறவில்லை, அதுதான் காரணத்தில் பாதி. இப்போது ஏஐ கருவிகளும் வந்துவிட்டன, உங்கள் ஆட்கள் பாதி நேரத்தில் முடிக்கிறார்களே, விலையைக் குறையுங்கள் என்று கிளையண்ட் பேரம் பேசுகிறார். மணிக்கணக்கில் விற்கும் தொழிலுக்கு இது நேரடியாக வயிற்றில் அடிப்பது.

ஆன்சைட், அதாவது கிளையண்டின் நாட்டுக்கே போய் வேலை பார்க்கும் ஆசையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தது. இரண்டு வருஷத்தில் அமெரிக்கா என்ற கணக்கை வைத்துக்கொண்டு எந்த ஆஃபரையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

அப்புறம் ஜிசிசி. வெளிநாட்டுக் கம்பெனி தன் வேலையை இன்னொருவருக்கு அவுட்சோர்ஸ் செய்யாமல், இங்கேயே சொந்தமாக ஆபீஸ் போட்டுச் செய்துகொள்வது. சென்னைக்கு இது புதிதில்லை, உலக வங்கி 2001-லிருந்தே இங்கே ஆபீஸ் வைத்திருக்கிறது. ஐடி கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் கணக்குப்படி 2024-ல் நாடு முழுக்க 1,700-க்கு மேல் ஜிசிசிகள், 19 லட்சம் பேர் வேலை பார்க்கிறார்கள். இங்கே வெளிக் கிளையண்டுக்கு பில் போடுவது கிடையாது. ஆகிற செலவையும் அதன் மேல் ஒரு சிறு லாபத்தையும் தாய்க் கம்பெனி கொடுத்துவிடும். இதனால் நடப்பது என்ன என்றால், உங்களை அவசரமாக எதிலாவது தள்ளிப் பில் போட வேண்டிய அழுத்தம் இல்லை. ஒரே சிஸ்டத்தில் ஐந்து வருஷம் இருக்கலாம், அது ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பது வரைக்கும் தெரிந்துகொள்ளலாம். அதே வேலைக்கு சர்வீஸ் கம்பெனியைவிடச் சம்பளமும் கூடுதல்.

ஜிசிசிக்கு ஆபத்தே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியில்லை. முடிவு எடுப்பவர் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். அங்கே தலைமை மாறினால் இங்கே ஒரு தளமே காலியாகலாம். எதிர்ப்பக்கமும் உண்டு. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது, மறைமலைநகர் தொழிற்சாலை அடுத்த வருஷம் ஓய்ந்தது. அங்கே வேலை பார்த்தவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று செய்தியில் பார்த்தோம். ஆனால் அதே ஃபோர்டின் சோழிங்கநல்லூர் தொழில்நுட்ப மையம் அசையாமல் நின்றது, 2024-ல் ஆட்களை இன்னும் கூட்டுவதாகவும் சொன்னார்கள். கார் தயாரித்து விற்பதை நம்பியிருந்தது தொழிற்சாலை, தாய்க் கம்பெனியின் உலக வேலையை நம்பியிருந்தது அந்த மையம். காசு வரும் வழி என்று நான் சொன்னது இதைத்தான்.

ஃப்ரெஷருக்கு ஜிசிசியில் கதவு குறுகல். பெரிய கல்லூரிகளில் மட்டும் கேம்பஸ் வைப்பார்கள், மற்றபடி மூன்று நாலு வருஷ அனுபவம் உள்ளவர்களைத்தான் தேடுவார்கள். கன்சல்டன்சி வழியாக அதே ஆபீஸில் உட்காரவைக்கும் தேர்ட் பார்ட்டி பேரோல் வேலைகளும் இருக்கின்றன. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டுக் கயிற்றின் நிறமே வேறாக இருக்கும், காப்பீடு வேறு, நிரந்தரமாக்குவோம் என்ற பேச்சு பெரும்பாலும் பேச்சாகவே நிற்கும். எழுத்தில் இல்லாத எதையும் நம்பிச் சேராதீர்கள். அக்கா மகளிடம் சொன்னது இதுதான்: ஜிசிசி உனக்கு இரண்டாவது வேலை, அதற்காக ஆறு மாதம் வீட்டில் இருக்காதே.

பிராடக்ட் கம்பெனி பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். ஆட்வென்ட்நெட் என்று 1996-ல் தொடங்கிய ஜோஹோ தென்காசி மத்தளம்பாறை வரைக்கும் போயிருக்கிறது. 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2021-ல் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது, பங்கு வைத்திருந்த ஊழியர்கள் ஐநூறு பேருக்கு மேல் கோடீஸ்வரர்களானார்கள். அதே கம்பெனி 2024 நவம்பரில் சுமார் 660 பேரைக் குறைத்தது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். இங்கே உங்கள் நேரத்தை விற்பதில்லை, நீங்கள் கட்டிய பொருளைத் திரும்பத் திரும்ப விற்கிறார்கள். அதனால் நல்ல டெவலப்பருக்குக் கொடுக்க அவர்களிடம் காசு இருக்கும், சுமாரான டெவலப்பரைப் பொறுத்துக்கொள்ளக் காரணம் இருக்காது. கல்லூரிப் பெயரைவிட, உட்காரவைத்துப் புரோகிராம் எழுதச் சொன்னால் எழுத வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள். உங்களுக்கு அது வருமென்றால் மற்ற மூன்றையும் தள்ளிவைத்துவிட்டு இதற்கே முயற்சி பண்ணுங்கள். வராது என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஒரு வருஷம் எங்காவது உட்கார்ந்து வேலை பார்த்தால் வந்துவிடும்.

தனியாளாக வேலை எடுத்துச் செய்யும் ஃப்ரீலான்சிங்கைச் சுருக்கமாகவே சொல்கிறேன். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு ஜிஎஸ்டி பூஜ்ய விகிதம், வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாகப் பதிவும் தேவையில்லை, டாலரில் வருகிறது, எல்லாம் உண்மை. ஆனால் கிளையண்ட் உங்களிடம் வாங்குவது அனுபவத்தை. அது இல்லாமல் போனால் அடிமாட்டு விலைக்கு லோகோ வரைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். ஐந்து வருஷம் கழித்து யோசிக்கலாம்.

இப்போது சின்ன கம்பெனி. இதைப் பற்றித்தான் வீட்டில் பெரியவர்களுக்குப் பயம் அதிகம், எனக்குச் சொல்ல இருப்பதும் இதில்தான் அதிகம். சரவணம்பட்டி, பீளமேடு, மதுரை, திருநெல்வேலி, இப்போது விழுப்புரம் மாதிரி மினி டைடல் பார்க் வந்த ஊர்கள் என்று இருபது பேர், ஐம்பது பேர் வைத்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா, வளைகுடா கிளையண்டுகளுக்கு வேலை செய்யும் கம்பெனிகள் ஏராளம். பெரிய சர்வீஸ் கம்பெனி மாதிரியே இவர்களும் ஆள் நேரத்தைத்தான் விற்கிறார்கள். ஆனால் முப்பது பேரில் கூம்பு கட்ட முடியாது. சேர்ந்த இரண்டாம் மாதமே நான் கிளையண்டோடு போனில் நேரடியாகப் பேசினேன். ஆறாம் மாதம் வெள்ளிக்கிழமை ராத்திரி நான் சர்வரில் ஏற்றிய புது புரோகிராம் விழுந்து, விடியற்காலை மூன்று மணிக்கு முதலாளியே பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து லாக் பார்த்தார். டேட்டாபேஸ், சர்வர், டெஸ்டிங், கிளையண்டுக்கு எழுதும் மெயில், ஏன், இன்வாய்ஸ் எப்படிப் போடுகிறார்கள் என்பது வரை அங்கேதான் பார்த்தேன். அந்த மூன்று வருஷத்தில் கற்றதில் பாதியைக்கூட அதற்கு முந்தைய ஆறு வருஷத்தில் நான் கற்கவில்லை. ஜிசிசி இன்டர்வியூவில் நான் பேசியது முழுக்க அந்தக் கதைகளைத்தான்.

அதே கம்பெனியில்தான் இரண்டு மாதச் சம்பளம் தள்ளிப் போய் மாமனாரிடம் கடன் கேட்டு நின்றேன். வருமானத்தில் பெரும்பங்கு ஒரே கிளையண்டிடமிருந்து வந்துகொண்டிருந்தது, அந்தக் கிளையண்டை இன்னொரு கம்பெனி வாங்கியது, கான்ட்ராக்ட் அப்படியே நின்றது. பெரிய கம்பெனியில் அது யாருக்கோ வந்த பெஞ்ச். முப்பது பேர் இருக்கும் இடத்தில் அது எல்லாருடைய வீட்டு அடுப்பு.

ஆகவே சின்ன கம்பெனிக்குப் போவதென்றால் கேட்டுவிட்டுப் போங்கள். எத்தனை கிளையண்ட், பெரிய கிளையண்டின் பங்கு எவ்வளவு? பாதிக்கு மேல் என்றால் யோசியுங்கள். பிஎஃப் பிடிக்கிறார்களா, பிடித்ததைக் கட்டுகிறார்களா? ஏற்கெனவே வேலை பார்ப்பவர் தன் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரியும். எனக்கு வேலை சொல்லித் தரப்போகும் சீனியர் யார், அவரோடு பத்து நிமிஷம் பேச முடியுமா? சீனியரே இல்லாத சின்ன கம்பெனியில் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடையாது, தப்பைத் தப்பாகவே பழகுவீர்கள். முக்கியமான ஒன்று, ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் சரி. முன்னாலேயே விலகினால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் ஒரு வருஷம் என்றால் பரவாயில்லை, தொகை எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

சம்பளத்தை ஒப்பிடும்போதும் சிடிசியை, அதாவது கம்பெனி உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவை வைத்து ஒப்பிடாதீர்கள். ஐந்து வருஷம் இருந்தால் மட்டும் வரும் கிராஜுவிட்டி, கம்பெனியின் பிஎஃப் பங்கு, வந்தாலும் வரலாம் என்ற வேரியபிள் எல்லாம் அந்தத் தொகைக்குள் இருக்கும். கைக்கு வருவது எவ்வளவு, அதில் ஹாஸ்டலும் சாப்பாடும் போக எவ்வளவு மிஞ்சும் என்று எழுதிப் பாருங்கள். அவளுக்கு எழுதிப் பார்த்தோம், சென்னையில் வரும் இருபத்தைந்தாயிரமும் கோவையில் வரும் இருபத்திரண்டாயிரமும் மாதக் கடைசியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் வந்து நின்றன.

என் தீர்ப்பு இது. வீட்டில் கடன் நெருக்குகிறது, பெற்றோருக்குக் காப்பீடு அவசியம், பெரிய கம்பெனியில் சேரும் தேதியும் கையில் இருக்கிறது என்றால் அங்கேயே போங்கள், போய் இரண்டாம் வருஷ முடிவில் என்ன புராஜெக்டில் இருக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள், டிக்கெட் மூடும் வேலையிலேயே இருந்தால் வெளியே தேட ஆரம்பியுங்கள். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் என்பதையும் அப்போது கணக்கில் வைக்க வேண்டும். தேதி இல்லாத ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே கேட்ட கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும் சின்ன கம்பெனியை விடுவது மட்டும் தவறு. பதினோரு மாதம் திண்ணையில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். பெரிய கம்பெனி தேதி வந்தால் முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம். இங்கே வேலை பார்த்ததை மட்டும் அங்கே மறைக்காதீர்கள், யுஏஎன் என்ற உங்கள் பிஎஃப் எண்ணைப் போட்டால் எங்கே எப்போது பிஎஃப் கட்டினார்கள் என்பது அப்படியே தெரியும்.

நேற்று ராத்திரி மறுபடி போன் வந்தது. கோவைக் கம்பெனியிடம் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஏழு கிளையண்ட், பெரியவரின் பங்கு நாலில் ஒன்று, பிஎஃப் உண்டு, சான்றிதழ் கேட்கவில்லை. இரண்டு வருஷம் முன்னால் சேர்ந்த கோவில்பட்டிப் பெண்ணின் நம்பரை அவர்களே கொடுத்தார்களாம். அந்தப் பெண் முக்கால் மணி நேரம் பேசினாளாம், போன மாதம் தான் உடைத்த ஒரு டேட்டாபேஸ் கதை உட்பட. "அம்மாதான் மாமா ஹாஸ்டலுக்கு விசாரிச்சுட்டிருக்கா" என்றாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று.